மூன்று பேரிடம் மணி கேட்டவர்

என் வெற்றிக்குக் காரணம் யார் என்று எவர் கேட்டாலும் நான் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்றுதான்: நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதினவன். இன்று ஒரகடத்தில் இரண்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒன்று என்று மூன்று தொழிற்சாலை வைத்திருக்கிறேன். இரும்பு பதமாகியிருக்கிறதா என்று எஞ்சினியர்கள் மெஷினில் வைத்துப் பார்ப்பதை, நான் தரையில் போட்டுச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பெரும்பாலும் மெஷினும் நான் சொன்னதையே சொல்லும். எப்போதாவது வேறு மாதிரி சொன்னால் மெஷினைப் பழுது பார்க்கச் சொல்வேன்.

அப்படிப்பட்ட நான் இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

பெயரை எழுதப்போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறாரோ, எழுதினால் பிடிக்குமோ பிடிக்காதோ. எங்கள் ஷெட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ‘கடியாரம்மா’ என்றுதான் சொல்வார்கள். கையில் கடிகாரமே கட்டாத கடியாரம்மா.

அவர் வந்தது 1991-இல், வெயில் ஏறத் தொடங்கிய சமயம். ஒரகடம் சாலை அப்போது ஒரு லாரி போகிற அகலம்தான். எதிரே மாட்டு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்க வேண்டும். என் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் வேர்க்கடலை. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி வந்து இறங்கிய அந்த அம்மா, முதலில் கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் மணி கேட்டார். அவன் சொன்னதும் தலையாட்டிவிட்டு, எதிரே டீக்கடை போட்டிருந்த கன்னியம்மாவிடம் போய் மறுபடியும் மணி கேட்டார். பிறகு என் அறைக்குள் வந்து, வணக்கம் சொல்லி, என்னிடமும் மணி கேட்டார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாமா, வர்ற வழியெல்லாம் மணி கேட்டுக்கினே வர்ற. ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கக் கூடாதா?”

“ஒண்ணு கட்டினா அது சொல்லுதத நம்பணும் அண்ணாச்சி. ரெண்டு கட்டினா ரெண்டும் சண்டை போடும். மூணு பேர்ட்ட கேட்டா நடுவுல உள்ளத எடுத்துக்கிடலாம்லா.”

“என் வாட்ச்சு பாரின் சரக்கு. அதுங்கிட்ட மட்டும் கேட்டாப் போதும்.”

“ஒங்களுதுதான் ஓரத்துல நிக்குது. பத்து நிமிசம் முன்னால ஓடுது.”

அவர் தெற்கத்திக்காரர், தாமிரபரணிப் பக்கம். பேச்சு இழுத்து இழுத்து வரும். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, தோளில் ஒரு துணிப்பை. நான் பத்து நிமிடம் முன்னால் ஓடவிட்டிருந்தது வேண்டுமென்றேதான். மற்றவர்களுக்கு முன்னால் இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. அதை அவரிடம் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அவர் எதற்காக வந்தார் என்று சொல்லவேண்டும். மறைமலை நகரில் வண்டி செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு நான் சின்னச் சின்ன இரும்புப் பின்களைப் பதம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் நீளம் இருக்கும். கேஸ் நிரம்பிய உலைக்குள் சரியாக அரை மணி நேரம் செந்தணலாக இருந்துவிட்டு எண்ணெயில் இறங்கவேண்டும். வெளித்தோல் கெட்டியாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். நேரமோ கேஸோ கூடிப்போனால் நடுவரைக்கும் கெட்டியாகி மண்பானை மாதிரி உடையும். ஒவ்வொரு சரக்குக்கும் நேரத்தைக் கம்ப்யூட்டரில் அச்சடித்த தாளில் தரவேண்டும் என்று அந்தக் கம்பெனி கேட்டது. கிண்டியில் ஒரு கம்பெனியிடம் கம்ப்யூட்டர் வாங்கினேன். இந்த வட்டாரத்தில் உலைக்குக் கம்ப்யூட்டர் வைத்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது நான்தான் என்று சொன்னால் நம்பவேண்டாம். உலையில் நேரம் முடிந்தால் பஸ்ஸர் அடிப்பது, ஷிப்டுக்கும் டீக்கும் சைரன் ஊதுவது எல்லாம் அதன் பொறுப்பு ஆயிற்று.

ஆனால் அதன் மணி நிலைக்கவில்லை. நாளுக்கு நாள் பின்தங்கியது. அதைச் சரிசெய்யத்தான் கிண்டிக் கம்பெனி இந்த அம்மாவை அனுப்பியது.

கன்னியம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் எங்களுக்கு விளக்கம் சொன்னார். கம்ப்யூட்டருக்கு நடுவில் கெர்னல் என்று ஒரு பெரிய தலை உண்டு. அது எந்தச் சாமானையும் நேரே தொடாது. ஒவ்வொரு சாமானுக்கும் அதன் பாஷை தெரிந்த டிரைவர் என்று ஒரு சின்னப் புரோகிராம் நடுவில் நிற்கும். கடிகாரத்துக்கு நிற்கிற டிரைவரை எழுதுவதுதான் இவர் வேலை.

“உள்ள ரெண்டு கடிகாரம் இருக்கு. ஒண்ணு பேட்டரியில ஓடுதது, கரண்டு போனாலும் நிக்காது. இன்னொண்ணு கெர்னலோடது. அது நொடிக்கு நூறு தட்டு வரும், ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே இருக்கும். பிரிண்டர், அது இதுன்னு வேலை கூடிட்டா சில தட்டு விட்டுப்போகும்.”

“எங்க வூட்டுக்காரு மாரின்னு சொல்லு,” என்றாள் கன்னியம்மா. “நான் பேசச்சொல்ல தலைய ஆட்டிக்கினே இருக்கும். பாதி காதுல ஏறாது.”

வீட்டுக்காரன் ஏகாம்பரம் பக்கத்தில்தான் இருந்தான். அப்போதும் தலையை ஆட்டினான். அவன் மண்ணூர்க்காரன், என் உலையைப் பார்த்துக்கொள்கிறவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே துருத்தியை மாற்றி மாற்றி ஊதியிருக்கிறோம். அதனால் என்னை மொதலாளி என்றும் சொல்வான், நீ என்றும் சொல்வான்.

“தப்பா ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. முள்ளத் திருப்பி வுட்டா முடிஞ்சுது,” என்றேன் நான்.

“அப்படித் தள்ளக்கூடாது அண்ணாச்சி. திடீர்னு தள்ளினா நடுவுல உள்ள நிமிசம் எல்லாம் காணாமப் போகும். உலை அந்த நிமிசத்த நம்பித்தான இருக்கு. மெல்ல வேகத்தக் கூட்டினா ஓடுத ஓட்டத்துலயே வந்து சேந்துக்கிடும். அதுக்குத் தெரியவே தெரியாது, தான் தப்பா இருந்தோம்னு.”

இதுதான் அவர். மனிதர்களையும் அவர் இப்படித்தான் நடத்தினார் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

ஒருநாள் நான் போனில் யாரிடமோ கத்தி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கையில் தாளோடு கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“வந்தா வந்தேன்னு சொல்லக்கூடாதா?”

“நீங்க மாறிக்கிட்டு இருந்தீங்க.”

“இன்னாது?”

பேட்டரிக் கடிகாரத்தில் ஒரு சங்கதி உண்டாம். ஒன்பது ஐம்பத்தொன்பது பத்தாக மாறும்போது எல்லா எண்ணும் ஒரே கணத்தில் மாறாது. நிமிடம் மாறியிருக்கும், மணி இன்னும் மாறியிருக்காது. அந்த இடைவெளியில் போய்ப் படித்தால் ஒன்பது மணி என்று காட்டும். ஒரு மணி நேரம் பொய். அதனால் ‘மாறிக்கொண்டிருக்கிறேன்’ என்று அந்தக் கடிகாரம் ஒரு சின்னக் கொடி தூக்கும். கொடி இறங்குகிற வரைக்கும் டிரைவர் பேசாமல் காத்திருக்கவேண்டும்.

“மாறும்போது படிச்சா பாதி பழசும் பாதி புதுசும் வரும் அண்ணாச்சி. ரெண்டுமே நெசம் இல்ல,” என்றார். பிறகு தாளை வைத்துவிட்டுப் போனார்.

தாள் என்றதும் இன்னொன்று. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது அப்போது ஷெட்டில் யாருக்கும் தெரியாது. யாராவது தாளை நீட்டினால் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பேன். “கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன். நீயே படிச்சிடு” என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. அந்த அம்மாவிடம் இப்படி மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் படித்துக் காட்டினார். அடுத்த வாரம் வந்த தாளில் இங்கிலீஷ் வரிகள் எல்லாம் போய்விட்டன. வெறும் எண்கள். மேலே பெரிதாக இரண்டே வார்த்தைகள். “உள்ள போனது மேல, வெளிய வந்தது கீழ” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். இன், அவுட். எண் படிப்பதில் நான் புலி. வார்த்தை இரண்டும் தானாக ஒட்டிக்கொண்டன. இரண்டு வாரம் கழித்து ‘டைம்’ என்று ஒன்று சேர்ந்தது. பிறகு ‘கேஸ்’. பிறகு ‘ஆயில்’. பிறகு ‘பின்’.

ஒருநாள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போது முன்னால் போன டேங்கர் லாரியின் முதுகில் ஒரு வார்த்தை இருந்தது. ஆயில் என்று படித்தேன். வண்டியை ஓரம் நிறுத்திவிட்டேன். அதற்குள் லாரி போய்விட்டது. ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது இந்த அம்மாவுக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போய் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஷெட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் சைரன் ஊதுவான். அவசரச் சரக்கு இருக்கிற நாளில், எல்லோரும் வேலையில் மும்முரமாக இருக்கும்போது நான் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளை இருபது நிமிடம் பின்னால் திருப்பிவிடுவேன். சாயங்காலம் ஐந்து மணி என்பது இருபது நிமிடம் தாமதமாக வரும். அதற்குள் சரக்கு கட்டி லாரியில் ஏறிவிடும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அந்த அம்மாவிடம் பெருமையாகவே சொல்லி, கம்ப்யூட்டரிலும் இதற்கு ஒரு வழி செய்யச் சொன்னேன்.

“முன்னால வேகமா ஓட்டலாம் அண்ணாச்சி, மெல்ல ஓட்டலாம். பின்னால மட்டும் போகக்கூடாது. நடந்த நிமிசம் திரும்பி நடந்தா உலைக்கு எது நெசம்னு தெரியாது.”

சரி என்றேன். ஆனால் மனது ஆறவில்லை. என் ஷெட்டில் என் கடிகாரம், நான் சொன்னால் போகாதா?

ஒருநாள் அவர் கிண்டி அலுவலகத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம் லாரி வரும், கட்டவேண்டிய சரக்கு மலையாகக் கிடந்தது. காலை பத்தரைக்கு டீ சைரன் ஊதி, குடித்துவிட்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். நான் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அந்த அம்மா மணி வைப்பதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நாலு எழுத்து, பிறகு எண்கள், பிறகு பெரிய பொத்தான். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தட்டினேன். திரையில் பத்து நாற்பத்தைந்து என்று இருந்தது பத்து இருபத்தைந்து ஆயிற்று. துருத்தி ஊதினவன் கம்ப்யூட்டருக்கே மணி சொல்லிவிட்டேன் என்று மார்பு விரிந்தது. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு மறைமலை நகருக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த நேரம் உலைக்குள் பின்கள் இருந்தன. அந்த நினைப்பே எனக்கு வரவில்லை.

சாயங்காலம் சைரன் சரியாக ஐந்துக்கே ஊதியது. நான் திருடி வைத்த இருபது நிமிடத்தைக் காணோம். பிறகுதான் தெரிந்தது. நான் தொட்டது கெர்னலின் கடிகாரத்தை. பேட்டரிக் கடிகாரம் உண்மையைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் இருந்தது. அந்த அம்மாவின் டிரைவர் அதைப் பார்த்துப் பார்த்து, பகல் முழுக்க மெல்ல வேகத்தைக் கூட்டி, ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் சரி செய்து வைத்துவிட்டது.

பின்களைத்தான் அதனால் சரிசெய்ய முடியவில்லை. இரண்டு நாள் கழித்து மறைமலை நகரில் கூப்பிட்டார்கள். தரம் பார்க்கிற அதிகாரி ஒரு பின்னை எடுத்து வைஸில் பிடித்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். இரண்டாக விழுந்தது. இன்னொன்று. அதுவும் விழுந்தது. என் கம்ப்யூட்டர் தாளை எடுத்துப் பார்த்தார். உள்ளே பத்து இருபது, வெளியே பத்து ஐம்பது. அரை மணி நேரம்.

“நேரம் சரியாத்தான் இருக்கு. உங்க ஆள் கேஸைக் கூட்டியிருக்கார்,” என்றார். ஒரு படிவத்தைக் கொடுத்தார். மூன்று கட்டம். என்ன நடந்தது, எதனால் நடந்தது, யார் செய்தது. பூர்த்தி செய்து கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

அவர் சொன்னதை நான் சத்தியமாக நம்பினேன். அதே கோபத்தில் ஷெட்டுக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் ஏகாம்பரத்தைப் பிடித்தேன்.

“பஸ்ஸர் அடிச்சுது, தொறந்தேன். கேஸ்ல நான் கைய வெக்கல,” என்றான்.

“அப்ப பின்னு தானா ஒடஞ்சுதா? பொண்டாட்டி கடையில டீ குடிச்சிக்கினு ஒக்காந்திருப்ப.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

“முடிவு தெரியற வரைக்கும் கேட்டுக்கு வெளிய நில்லு. உள்ள வராத.”

மறுநாள் அந்த அம்மா வந்தார். ஏகாம்பரம் கன்னியம்மா கடையில் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அன்று அவர் மூன்று பேரிடம் கேட்டது வேறு கேள்வி: அந்த நாளில் டீ எத்தனை மணிக்கு வந்தது? வாட்ச்மேன், கன்னியம்மா, ஏகாம்பரம். மூன்று பேரும் முதலில் மழுப்பினார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அன்று டீ இரண்டு முறை வந்தது. பத்தரைக்குச் சைரன் ஊதிற்று, குடித்தார்கள். உள்ளே போய் வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பத்தரைச் சைரன் ஊதிற்று. கிடைத்த டீயை யார் வேண்டாம் என்பார்கள்? மறுபடியும் குடித்தார்கள். கேட்டால் வம்பு என்று யாரும் மூச்சு விடவில்லை.

என் அறைக்கு வந்து, நிமிடத்துக்கு ஒரு வரியாக அச்சடித்த நீளத் தாளை மேஜை மேல் விரித்தார். எண் படிப்பதில் நான் புலி என்று சொன்னேன் அல்லவா. பத்து நாற்பத்து மூன்று, பத்து நாற்பத்து நான்கு, பத்து நாற்பத்தைந்து, பத்து இருபத்தைந்து, பத்து இருபத்தாறு. என் கண் அங்கே நின்றுவிட்டது. அரை மணி நேரம் என்று தாள் சொன்னது உண்மையில் ஐம்பது நிமிடம். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு படிவத்தை எடுத்து எழுதினார். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார். முதல் கட்டம்: பின்கள் உலையில் ஐம்பது நிமிடம் இருந்தன. இரண்டாவது கட்டம்: உலைக்குள் சரக்கு இருக்கும்போது மணியைப் பின்னால் வைக்கச் சொன்ன கட்டளையைக் கடிகார டிரைவர் மறுக்கவில்லை, அந்த டிரைவரை எழுதியது நான். கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

“இது உன் தப்பு இல்லியேமா,” என்றேன்.

“என் தப்புதான் அண்ணாச்சி. பின்னால போகக்கூடாதுன்னு வாயால சொன்னேன். மெசினுட்ட சொல்லி வைக்கல. யாரும் செய்யமாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்.”

மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.

“இது?”

“எனக்குத் தெரிஞ்சத மட்டுந்தான எழுத முடியும். நான் அன்னைக்கு கிண்டியில இருந்தேன்லா.”

படிவத்தை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டார். நான் அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

எட்டு நாள். மறைமலை நகர் வேலை போனால் ஷெட்டே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டு எல்லோருக்கும் முன்னால் எப்படித் திரும்புவது என்பதுதான் மீதிப் பாதி. தினமும் காலையில் என் ஸ்கூட்டர் கேட்டுக்குள் நுழையும்போது எதிர்க்கடையில் ஏகாம்பரம் எழுந்து நிற்பான். நான் போனதும் உட்காருவான். அந்த அம்மா அங்கேதான் டீ குடிப்பார். எப்போதும் போல மூன்று பேரிடம் மணி கேட்பார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கதவருகே நின்று, அன்றைய தாளை வைத்து, போய்விடுவார். அந்த வாரத் தாளில் மட்டும் புது வார்த்தை எதுவும் சேரவில்லை. அதையும் கவனித்தேன்.

எட்டாம் நாள் பத்தரை சைரன் ஊதியது. கன்னியம்மாவுக்கு அன்று காய்ச்சல் போலிருக்கிறது. டீக் கெட்டிலை ஏகாம்பரம் தூக்கிக்கொண்டு வந்தான். கேட் திறந்துதான் இருந்தது. அவன் கேட் உருளுவதற்குத் தரையில் பதித்த இரும்புத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமே நின்று, உடம்பை மட்டும் வளைத்து, கெட்டிலை வாட்ச்மேன் கையில் எட்டிக் கொடுத்தான். ஒரு கால் விரல்கூட உள்ளே வைக்கவில்லை. அந்தத் தண்டவாளத்தை நானும் அவனும்தான் தோளில் சுமந்து வந்து அங்கே பதித்தோம்.

நான் இழுப்பறையைத் திறந்தேன். அந்தப் படிவத்தில் தமிழில் எழுதினால் கம்பெனியில் செல்லாது. யாரையாவது கூப்பிட்டு எழுதச் சொல்லலாம், ஆனால் அது நான் எழுதியது ஆகாது. பழைய தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டேன். என் பெயரின் முதல் எழுத்து ‘பின்’னில் கிடைத்தது. இரண்டை ‘கேஸி’லிருந்து எடுத்தேன். ஒன்றை ‘டைமி’லிருந்து. ஓர் எழுத்து மட்டும் எதிலும் அகப்படவில்லை, சுவரில் இருந்த காலண்டரில் தேடிப் பிடித்தேன். மூன்றாவது கட்டத்தில் கோணல்மாணலாக என் பெயர் வந்து உட்கார்ந்தது. நான் இங்கிலீஷில் எழுதிய முதல் வார்த்தை அதுதான்.

அன்று மத்தியானமே மறைமலை நகர் போய் என் கையால் கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். “நீங்களேவா?” என்றார். “நானே,” என்றேன். மூன்று மாதம் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் கலப்பைக் கொழுவும் டிராக்டர் சாமானும் பதம் போட்டு ஷெட்டை நிறுத்தினேன். அது என் திறமை.

தன் பெயரைப் போட்டு எழுதிக்கொடுத்த அந்த அம்மாவைக் கிண்டிக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. எழுதும்போதே அது அவருக்குத் தெரிந்திருக்கும். நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஸ்டாப்பில் வெற்றிலைக் கடைக்காரரிடம் மணி கேட்டார், கண்டக்டரிடம் கேட்டார், கடைசியாக என்னிடம் கேட்டார். சொன்னேன்.

“இன்னும் பத்து நிமிசம் முன்னாலதான் நிக்குது. மாத்திடட்டுமா?” என்றேன்.

“ஓடட்டும் அண்ணாச்சி. என்ன அவசரம்,” என்று சிரித்துவிட்டு ஏறிப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பின்கள் மறுபடியும் உலைக்கு வந்தபோது வேண்டுமென்றே மணியைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். திரை மறுத்துவிட்டது. ஒரு வரி வந்தது. ‘பின் இன் கேஸ். வெயிட்.’ எனக்குத் தெரிந்த வார்த்தைகளை மட்டும் பொறுக்கி அந்த வரியைக் கட்டியிருந்தார். கடைசி வார்த்தை மட்டும் புதுசு. ஆபீஸில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். “பொறுங்கன்னு அர்த்தம் சார்,” என்றாள்.

ஏகாம்பரத்தைக் கூப்பிடப் போனதைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

படிவத்தைக் கொடுத்த மறுநாள் காலை ஸ்கூட்டரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து சாலையைத் தாண்டினேன். அவன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். கன்னியம்மா காய்ச்சலுக்குத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். ஷிப்டுக்கு வந்த ஆட்கள் எல்லோரும் பெஞ்சில் இருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து ஷெட்டுக்குள் போய்விட்டார்.

“வா உள்ள, ஏகாம்பரம்.”

“முடிவு வந்துச்சா?”

“கடியாரத்தத் திருப்பினது நான்தான். பேப்பர்ல என் பேர எழுதிக் குடுத்துட்டேன்.”

கன்னியம்மா அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள், “ரெண்டாவது தபா டீ ஊத்தினதே நான்தான் மொதலாளி. எங்களுக்குத் தெரியாதா? ரூம் சாவி வேற யார் இடுப்புல கீது?”

“தெரிஞ்சுக்கினே ஏன்டா சும்மா இருந்த?” என்றேன் ஏகாம்பரத்திடம்.

அவன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். “மொத நாளே உன்னாண்ட வந்து கேக்கலாம்னுதான் கிளம்பினேன். அந்தம்மா வுடல. ‘அவரு மாறிக்கிட்டு இருக்காரு, இப்ப போயி கேட்டா பாதி பழசு பாதி புதுசா எதுனா சொல்லுவாரு, பத்து நாள் பொறு. அப்பவும் வரலன்னா நானே மறைமலை நகர் போயி சொல்லுறேன்’னுச்சு. அதான் நாங்க எல்லாம் தெனம் நீ வர்றத பாத்துக்கினே இருந்தோம்.”

“பத்து நாளா சொல்லுச்சு?”

“பத்து.” விரலை மடக்கி எண்ணினான். “நேத்தே குடுத்துட்ட. எட்டு. ரெண்டு நாள் முன்னாலயே வந்துட்டியே.”

என் மூன்று தொழிற்சாலைகளைப் பற்றி இந்த வட்டாரத்தில் நான் சொல்லாத ஆள் கிடையாது. அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். கடியாரம்மா போட்ட கணக்குக்கு நான் இரண்டு நாள் முன்னால்.